விழுந்த பிள்ளை எழுந்து ஓடினால் போதுமா? மாற்றுத்திறன் பேசும் படப் புத்தகங்கள்: ஒரு விளக்கம்

சேலம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய திடலில் புத்தகத் திருவிழா நடக்கும்போது சிறுவர் நூல் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 'தன்னம்பிக்கைக் கதைகள்' என்று ஒரு வரிசை இருக்கும். அட்டையில் ஊன்றுகோல் பிடித்த ஒரு பையன், அவனுக்குப் பின்னால் தவறாமல் ஒரு சூரிய உதயம். பெற்றோர் வாங்குகிறார்கள். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள் நெருங்கினால் பள்ளிகளும் வாங்கும். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர்களிடம் இதே புத்தகங்களைக் காட்டினால் பலருக்கும் எரிச்சல்தான் வருகிறது. நல்லதைத்தானே சொல்கிறது கதை, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குக் குழப்பம்.

ஒரே அட்டைக்குள் மூன்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் வரும் குழப்பம் இது. படப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது? ஊனம் என்பது எங்கே இருக்கிறது? விழுந்தவர் எழுவதற்கான தெம்பு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

படப் புத்தகம் என்பது எது?

படக்கதை என்றதும் நமக்கு காமிக்ஸ் ஞாபகம் வரும். இது வேறு. ஏறக்குறைய 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கானது. பெரியவர் வரிகளை வாசிப்பார், பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை படத்தை வாசிக்கும். பெரும்பாலும் 32 பக்கம். அதற்குக் காரணம் அச்சகத்தில் இருக்கிறது: பெரிய தாளை இருபுறமும் அச்சடித்து மடித்தால் பக்கங்கள் 8, 16, 32 என்றுதான் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 விரிபக்கங்கள், அதாவது எதிரெதிரே விரியும் இரண்டிரண்டு பக்கங்கள்.

இந்த வடிவத்திலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

1. இடம் குறைவு. அதனால் குறுக்குவழிக் கதைகள் வசதியாகப் பொருந்துகின்றன. பிறந்தான், கேலி செய்தார்கள், அழுதான், முயன்றான், வென்றான்: 12 விரிபக்கத்துக்குக் கச்சிதம்.

2. வரி சொல்லாததைப் படம் சொல்லும். 'மீனா தம்பியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள்' என்று வரி இருக்கும். படத்தில் மீனா சக்கர நாற்காலியில் இருப்பாள், தம்பி அவள் மடியில். நாற்காலியைப் பற்றிக் கடைசிப் பக்கம் வரை ஒரு சொல்கூட வராது. சந்தையில் தம்பி தொலைந்துபோனதுதான் கதை. பத்து அறிவுரைப் பக்கங்கள் செய்யாத வேலையை இந்த மௌனம் செய்துவிடும்.

சிறுவர் இலக்கியம் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுக்கும் ஓர் உவமை உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதியது. குழந்தைக்குப் புத்தகம் சில சமயம் கண்ணாடி, தன் முகம் தெரியும். சில சமயம் ஜன்னல், அடுத்த வீடு தெரியும். அவர் கறுப்பினக் குழந்தைகள் முதலான, புத்தகங்களில் இடம் கிடைக்காத பிள்ளைகளை மனதில் வைத்துச் சொன்னார். நம் தன்னம்பிக்கைக் கதைகளில் பெரும்பாலானவை ஜன்னல்கள். நடக்க முடிந்த பிள்ளை எட்டிப் பார்த்து 'அய்யோ பாவம்' என்றோ 'அடேங்கப்பா' என்றோ சொல்வதற்காகத் திறந்தவை. நடக்க முடியாத பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது என்ன நினைக்கும் என்பது எழுதியவரின் கணக்கிலேயே இருப்பதில்லை.

கொம்புத் தேனும் முடவனும்

'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?' என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. இதன் வேர் மிகப் பழையது. குறுந்தொகையின் 60-ஆம் பாட்டில் பரணர் இதைக் காட்சியாகவே எழுதியிருக்கிறார். உயர்ந்த மலையில் பெரிய தேனடை. கீழே ஒரு முடவன். உள்ளங்கையைச் சிறு குடை போலக் குவித்து, தேனைச் சுட்டிக் காட்டிக் காட்டி, வெறுங்கையை நக்குகிறான். பரணர் அவனைக் கேலி செய்யவில்லை. காதலன் அன்பு காட்டாவிட்டாலும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதே இனிது என்று தலைவி சொல்வதற்கு அந்த முடவன் உவமை. பழமொழியாகிக் கீழே இறங்கி வந்தபோதுதான் 'உனக்கு ஏன் இந்த ஆசை' என்ற அதட்டல் அதில் ஏறிக்கொண்டது.

சரி, சேர்வராயன் மலையில் பாறைத் தேன் எடுப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கால் இருந்தால் மட்டும் தேன் வந்துவிடுமா? கயிறு வேண்டும், ஏணி வேண்டும், புகை போட ஆள் வேண்டும், மேலே கயிற்றைப் பிடிக்க நம்பகமான ஒரு மச்சான் வேண்டும். கயிறு இல்லாவிட்டால் எல்லாருமே முடவர்தான்.

ஊனம் பற்றிய இரண்டு பார்வைகளும் இந்தத் தேனடைக்கு அடியில்தான் பிரிகின்றன.

1. மருத்துவப் பார்வை: குறை அவன் காலில் இருக்கிறது. காலைச் சரிசெய், முடியாவிட்டால் மனதைத் தேற்றிக்கொள்.

2. சமூகப் பார்வை: காலில் ஒரு பாதிப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் அவனைத் தடுப்பது கயிறு இல்லாதது. பிரிட்டனில் உடல் ஊனமுற்றோர் அமைப்பு ஒன்று 1976-ல் இந்த வாதத்தை எழுத்தில் வைத்தது. மைக் ஆலிவர் 1983-ல் இதற்கு 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார்.

நம் சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. அரசு நிதி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் கட்டடத்தையும் வசதிகளையும் எல்லாக் குழந்தைகளும் பயன்படுத்தும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. பள்ளிக்கூடத்துச் சாய்தளம் யாரும் போடும் தர்மம் அல்ல என்பதைக் கதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுவதால் இதைச் சொல்கிறேன்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்பது அரசு ஏடுகளில் 'மாற்றுத்திறனாளி' ஆனது. மரியாதையான மாற்றம்தான். ஆனால் அந்தச் சொல்லிலேயே ஒரு வலை இருக்கிறது. 'மாற்றுத் திறன்' என்றதும் கதை எழுதுகிறவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு விசேஷத் திறமையைத் தேடத் தொடங்கிவிடுகிறார். கண் தெரியாதவள் என்றால் குயில் மாதிரிப் பாட வேண்டும். சுமாராகப் பாடும், கணக்கில் 52 வாங்கும் பார்வையற்ற சிறுமிக்குப் படப் புத்தகத்தில் இடம் எங்கே?

மீண்டெழும் தெம்பு எங்கிருந்து வருகிறது?

'தன்னம்பிக்கை', 'விடாமுயற்சி', 'மனவுறுதி' என்று புத்தக அட்டைகள் சொல்வதை உளவியலில் 'மீள்திறன்' என்கிறார்கள். அடி விழுந்த பிறகும் நிமிர்ந்து வளரும் தன்மை. இது பிறவிக் குணமா, உள்ளேயிருந்து பொங்குவதா என்று பார்க்க நீண்டகால ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அதிகம் பேசப்படுவது ஹவாயின் கவாய் தீவு ஆய்வு. 1955-ல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டுச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்கள் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளைத் தனியாகக் கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, பிள்ளையை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றவராக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, பெரியம்மா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். இன்னொன்று, அவர்கள் கையில் வீட்டில் ஒரு பொறுப்பு இருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

இது ஊனத்தைப் பற்றிய ஆய்வு அல்ல, நெருக்கடியில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. இருந்தாலும் நம் கதைகளுக்கு நேராகப் பொருந்துகிறது. ஆன் மாஸ்டன் என்ற உளவியலாளர் 2001-ல் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, மீள்திறன் என்பது அபூர்வப் பிறவிகளின் சொத்து அல்ல, சாதாரணமான விஷயங்கள் ஒழுங்காக நடந்தால் விளைவது என்றார். அவர் வைத்த பெயரை 'அன்றாட அற்புதம்' என்று தமிழில் சொல்லலாம்.

இதை டிசம்பர் 3 பேனர்களில் அடிக்கடி ஏறும் குறளோடு வைத்துப் பாருங்கள். 'பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி' (618). பரிமேலழகர் 'பொறி' என்பதற்கு விதி என்று பொருள் கொண்டார். இக்காலத்தில் உடலுறுப்பு என்று பொருள் கொள்வோரும் உண்டு. பேனர் எழுதுகிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்தால் முதல் பாதி ஆறுதல்: உறுப்புக் குறை உன் குற்றமில்லை. அடுத்த பாதி பாரம்: முயலாவிட்டால் குற்றம் உன்னுடையதே. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் எல்லாருக்குமாகச் சொன்ன குறளை ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டால் அதன் எடையே வேறு.

தடம் புரளும் நான்கு கதைகள்

அடிக்கடி வரும் கதை அமைப்புகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. பயன்பட்டதால் ஏற்கப்பட்டவன். எல்லாரும் ஒதுக்கிய பிள்ளை ஒருநாள் ஊரையே காப்பாற்றுகிறது. அதன் பிறகு விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். காப்பாற்றாவிட்டால்?

2. குணமாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அறுவை சிகிச்சையோ சாமியோ வந்து கால் சரியாகிவிடும். கால் சரியாகாத வாசகருக்கு இந்தக் கதையில் பக்கமே இல்லை.

3. கருணைக் குழந்தை. கதாநாயகன் உதவி செய்கிறவன். சக்கர நாற்காலிப் பிள்ளைக்குப் பெயர்கூட இருக்காது. நன்றி சொல்வது மட்டுமே அவள் வசனம்.

4. ஓட்டப் பந்தயம். விழுந்து, எழுந்து, கடைசியாகவாவது கோட்டைத் தொட்டு, எல்லாரும் கைதட்டி.

நான்காவதுதான் அதிகம் விற்பது, அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய எழுத்தாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், இந்த வகைக் கதைகளுக்குக் கொஞ்சம் காரமான பெயர் வைத்தார். பார்க்கிறவர்களின் கிளுகிளுப்புக்காக ஊனமுற்றவரைப் பொருளாக்கும் 'ஊக்க ஆபாசம்' என்றார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்று 2014-ல் மேடையில் சொன்னது இன்றும் மேற்கோளாக ஓடுகிறது. முயற்சியை அவர் மறுக்கவில்லை. சாதாரணமாக வாழ்வதற்கே கைதட்டுகிறவர்கள், அந்த வாழ்வை இவ்வளவு கடினமாக்கி வைத்தது யார் என்று கேட்பதே இல்லை என்பதுதான் அவர் வாதம்.

மாரியப்பனை எப்படிச் சொல்வது?

சேலத்துக்காரர்கள் உடனே கேட்கக்கூடிய கேள்வி: அப்படியானால் நம் மாரியப்பன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-ல் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்றிலும் பதக்கம். எந்தப் பள்ளியில் சொன்னாலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

எதைச் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான சொல்முறையில் பக்கம் 1: சிறுவன். பக்கம் 2: விபத்து. பக்கம் 3 முதல்: மன உறுதி. கடைசி: தேசியக் கொடி. விடுபடுபவை இவை: ஐந்து வயதுப் பையன் பள்ளிக்கு நடந்து போகும்போது வலது கால் மேல் ஏறியது ஒரு பேருந்து. ஐந்து வயதுக் குழந்தை நடந்து போகப் பாதுகாப்பான ஓரம் அந்தச் சாலையில் இருந்ததா? நஷ்டஈட்டுக்காகக் குடும்பம் பல வருஷம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். பையனிடம் இருப்பதைப் பார்த்துப் பயிற்சிக்கு இழுத்தவர் பள்ளி விளையாட்டு ஆசிரியர். பிறகு பெங்களூரில் ஒரு பயிற்சியாளர் கிடைத்தார்.

கவாய் ஆய்வு சொன்ன ஆட்கள் அத்தனை பேரும் இதில் வந்து நிற்கிறார்கள் பாருங்கள். அம்மா, வாத்தியார், கோச். அவர்களை எடுத்துவிட்டு 'மன உறுதி' என்ற ஒரு சொல்லைப் போட்டால், வகுப்பில் கேலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டம்) போட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனுக்குப் போய்ச் சேரும் செய்தி இதுதான்: அவன் ஜெயித்தான், உனக்கு என்ன கேடு? அவனுக்குக் கிடைத்த விளையாட்டு ஆசிரியர் இவன் பள்ளியில் இருக்கிறாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே கதை, இரண்டு விதம்

இதைக் கண்ணால் பார்க்க நாமே ஒரு கதை கட்டுவோம். ஏற்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலைக்கிராமம். அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் செல்வி. இடது காலில் கேலிப்பர்.

முதல் விதம் உங்களுக்கே தெரியும். ஆண்டு விழா, ஓட்டப் பந்தயம். எல்லாரும் சிரிக்கிறார்கள். பனிமூட்டத்தில் தனியாகப் பயிற்சி. பந்தயத்தன்று விழுகிறாள், எழுகிறாள், எல்லைக் கோட்டைத் தொடுகிறாள். டீச்சர் கண்ணைத் துடைக்கிறார். முடிந்தது.

இரண்டாவது விதத்தில் பந்தயம் கிடையாது. செல்வி பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. சிநேகிதி காவேரி கவனிக்கிறாள். "ஏன்டி, சத்துணவுக்கு அப்புறம்கூடத் தண்ணி குடிக்க மாட்டேங்கிற?" செல்வி சொல்லமாட்டாள். மூன்றாவது விரிபக்கத்தில் வரியே இல்லை. கழிப்பறை வாசலும் அதற்கு முன் இரண்டு படிகளும் மட்டும். பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, மழையில் வழுக்கிக் கிடக்கின்றன. குழந்தை வாசகர் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

காவேரி வீட்டில் சொல்கிறாள். அவள் அப்பா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை வந்து படி மேல் சிமெண்டைப் பூசி ஒரு சரிவு போடுகிறார். திங்கட்கிழமை செல்வி கால் வைத்ததும் சறுக்குகிறது. பள்ளிகளில் நிஜமாகவே நடக்கும் கூத்து இது: சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம்.

இங்கே கதை ஒரு கணக்குக்குள் நுழைகிறது. சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட சரிவு 1-க்கு 12. படி ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் இரண்டு படி 30 செ.மீ. அப்படியானால் சாய்தளத்தின் நீளம் 360 செ.மீ., கிட்டத்தட்ட 12 அடி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு செ.மீ. எதற்கு? ஒரு சாண் ஏற 12 சாண் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பே முட்டி போட்டுச் சாண் போட்டு அளக்கிறது. நேராகப் போனால் நடுவில் கொய்யா மரம் குறுக்கே நிற்கிறது. மரத்தை வெட்டலாமா? பெரிய சண்டை.

தீர்வு அவர்கள் தினமும் பார்க்கும் இடத்திலிருந்தே வருகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தால் மலையில் நேராக ஏற முடியாது என்பதால்தான் சாலையை வளைத்து வளைத்து நீளமாக்கியிருக்கிறார்கள். மலைப்பாதை என்பதே ஒரு பெரிய சாய்தளம். பேருந்தைப் பார்த்து 'தன்னம்பிக்கையோடு நேரா ஏறு' என்று யாரும் சொல்வதில்லை. கொய்யா மரத்தைச் சுற்றி ஒரே ஒரு வளைவு, திரும்பும் இடத்தில் தட்டையாக ஒரு திண்ணை, ஓரத்தில் பிடிக்க ஒரு கம்பி. செல்வி அந்த வளைவுக்கு 21 என்று சாக்பீஸில் எண் போடுகிறாள். கடைசிப் படத்தில் அவள் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு கதையிலும் செல்வி உறுதியான பிள்ளைதான். முதல் கதையில் மாறுவது அவள் மட்டும். இரண்டாவதில் அவள் உடல் அப்படியே இருக்கிறது, பள்ளி மாறுகிறது. அந்த மாற்றத்துக்கான கணக்கைப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. கவனியுங்கள், அவளே போய் மனு கொடுத்துப் போராடி வென்றாள் என்று எழுதியிருந்தால் மறுபடியும் பாரம் அவள் தலையில்தான் ஏறியிருக்கும். போராளிக் குழந்தை என்பது ஓட்டப் பந்தயக் குழந்தையின் தங்கச்சி.

படத்தில் பார்க்க வேண்டியவை

வரிகள் சரியாக இருந்தும் படம் காலை வாரிவிடும் புத்தகங்கள் நிறைய. சட்டெனக் கண்ணில் படுபவை:

1. கேலிப்பரின் இரும்புக் கம்பிகள் பூட்ஸில் போய்ப் பொருந்தும். வெறுங்காலில் கேலிப்பர் வரைந்திருந்தால் வரைந்தவர் அதைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

2. சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரி வகை வேறு, தானே உருட்டிப் போகும் வகை வேறு. எப்போதும் பின்னால் ஒருவர் தள்ளுகிற மாதிரியே வரைந்தால் அந்தப் பிள்ளைக்குத் தானாக ஓரிடம் போகவே தெரியாது என்றாகிவிடும்.

3. பார்வையற்றவர் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை. பலருக்கு வெளிச்சமோ வண்ணமோ ஓரளவு தெரியும்.

4. காது கேட்கும் கருவியை இயர்போன் மாதிரி வரைகிறார்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் செவிக்கருவி) பொருத்திக்கொண்ட குழந்தைகள் இன்று நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். காதுக்குப் பின்னால் தலையில் ஒட்டியிருக்கும் அந்த வட்டத்தைப் படப் புத்தகத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்!

சட்டம் சொல்லும் 21 வகையில் கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா என்று வெளியே தெரியாதவையும் உண்டு. படப் புத்தகங்கள் காலையும் கண்ணையும் தாண்டி அதிகம் போவதில்லை. வரைய எளிது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

யாருக்குப் படிக்கக் கிடைக்கிறது?

பார்வையற்ற சிறுமியைப் பற்றிய கதையைப் பார்வையற்ற சிறுமி படிக்க முடியாது என்றால் அது என்ன புத்தகம்? சர்வதேச அளவில் இதைக் கவனிக்கும் அமைப்பு இப்பி (IBBY). ஜெல்லா லெப்மன் என்பவரின் முயற்சியால் 1953-ல் உருவான சிறுவர் நூல் அமைப்பு. மாற்றுத்திறனாளிச் சிறுவர்களுக்கான நூல்களைத் தேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போடுகிறது. தொகுப்பு டொராண்டோ நூலகத்தில் இருக்கிறது. மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: பிரெய்ல், சைகை, தொட்டுணரும் படம் என்று தனியாகச் செய்தவை, எல்லாரும் சேர்ந்து படிக்க ஏற்றவை, ஊனத்தைக் கதையில் காட்டுபவை. நாம் மூன்றாவதோடு நின்றுவிடுகிறோம்.

பிரெய்லில் சிக்கல் எழுத்து அல்ல. ஆறு புள்ளிகளை வைத்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-லேயே வந்துவிட்டது. சிக்கல் படத்தில்தான். வரியை மட்டும் பிரெய்லாக்கினால் படப் புத்தகத்தில் பாதி போய்விடும். படத்தின் விவரிப்பையும் சேர்க்க வேண்டும், அல்லது தொட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டும். சேலத்தில் இதற்கு மூலப்பொருள் தேட வேண்டியதில்லை. அட்டையில் கோட்டோவியம் வரைந்து, கோட்டின் மேல் ஃபெவிகால் விட்டு ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டினால் மலையின் வளைவு விரலுக்குத் தெரியும். மரத்துக்கு உப்புத்தாள், சாலைக்குச் சாக்குத்துணி, தோட்டத்துக்கு நாலு காப்பிக் கொட்டை.

செவித்திறன் இல்லாத குழந்தைக்கு முதல் மொழி சைகையாக இருக்கலாம். எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. நீண்ட வாக்கியமும் இலக்கிய நடையும் அங்கே கதவைச் சாத்திவிடும். படம் நிறையச் சொல்லும் புத்தகம் இவர்களுக்கு நல்ல வாசல்.

சட்டத் தடை குறைவு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தால், ஊனத்தால் அச்சு நூலை அப்படியே படிக்க முடியாதவர்களுக்காக அதைப் படிக்கும் வடிவத்துக்கு லாப நோக்கமின்றி மாற்றலாம். இதே நோக்கத்தில் வந்த மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்றது இந்தியா, 2014-ல். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாக இறக்கி, உரிமம் அனுமதிப்பதால் மாற்றியும் கொள்ளலாம். தமிழகப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கமும் சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. படிநிலைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர். அழகான பெயர்கள்தான். செல்வி 'ஓடு' புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது என்ன நினைப்பாள் என்று மட்டும் ஒரு கணம் தோன்றுகிறது. ஒருவேளை சிரித்துவிட்டுப் 'பற'வுக்குப் போயிருப்பாள்.

வகுப்பில் வாசிக்கும்போது

ஊனமுள்ள பிள்ளை ஒரே ஒருவர் இருக்கும் வகுப்பில் இப்படி ஒரு கதையை வாசித்தால் 30 தலைகள் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் திரும்பும். அதற்குச் சில எளிய முன்னேற்பாடுகள் உண்டு.

1. முதல் நாளே அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

2. டிசம்பர் 3 அன்று மட்டும் எடுக்காதீர்கள். மாம்பழம், மழை, ஆட்டுக்குட்டிக் கதைகளோடு கலந்து வையுங்கள்.

3. கதை முடிந்ததும் 'இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?' என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு, 'இந்தப் படத்தில் யாருக்கு எங்கே போக முடியாது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் வேறு மாதிரி வரும்.

4. பள்ளிக்கே வராத பிள்ளைகளும் மலையில் இருக்கிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகள். அவர் பையில் இரண்டு படப் புத்தகம் கூடுதலாக ஏறினால் அந்த வீட்டின் அக்காவோ ஆயாவோ மற்ற நாட்களில் வாசித்துக் காட்டுவார்.

மறுநாள் ஒரு வேலையும் கொடுக்கலாம். பள்ளிக்குள் எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை சாண் என்று பிள்ளைகள் அளந்து எழுதி வரட்டும். அந்தத் தாளை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அவர்களில் ஒரு கொத்தனாராவது இருப்பார்.